வீரன்ஸ்: பெயர் மாறும் அணிகளும் ரசிகனின் அபிப்பிராயமும்

1

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற கிரிக்கெட் போட்டி தொடங்கியபோது அதிலிருந்த எட்டு அணிகளில் ஒன்று எங்கள் மாவட்டத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. முன்னால் வி.பி. என்று இரண்டு எழுத்துகள், நடுவில் திருவள்ளூர், கடைசியில் வீரன்ஸ். இரண்டு வருஷம் அந்தப் பெயரில் ஆடினார்கள். 2018-ல் அதே அணி காஞ்சி வீரன்ஸ் ஆயிற்று. 2021-ல் பார்த்தால் அந்த இடத்தில் நெல்லை ராயல் கிங்ஸ் நின்றுகொண்டிருந்தது. நசரத்பேட்டையிலிருந்து பெங்களூர் சாலையில் மேற்கே சில மைல் போனால் காஞ்சிபுரம் மாவட்டம் வந்துவிடும். 1997 வரை இரண்டும் ஒரே மாவட்டம். ஆகவே முதல் மாற்றத்தை அடுத்த வீட்டுக்குக் குடிபோனதாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது மாற்றத்துக்கு அப்படி ஒரு சமாதானமும் கிடையாது. திருவள்ளூரிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு ராத்திரிப் பிரயாணம்.

இது நடந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். ஏதோ பேச்சில் ஒரு பையன் சொன்னான். அதுவரை தெருவிலோ, டீக்கடையிலோ, பூந்தமல்லி போகிற பஸ்ஸிலோ, “நம்ம டீம் போயிடுச்சு” என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கிரிக்கெட்டில் அக்கறை இல்லாத ஊர் என்றும் சொல்ல முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வேறு பேச்சே கிடையாது. ஒரு மாவட்டத்தின் பெயரை ஒருவர் எடுத்து, இரண்டு வருஷம் வைத்திருந்து, கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மாவட்டத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் உட்பட.

விளையாட்டுச் சமாசாரத்துக்கு இந்தப் பத்திரிகையில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். சொல்லைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். ஒரு கவிதையில் ஒரு சொல் வாழ்ந்ததா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று ராத்திரி முழுவதும் சண்டை போடுகிறோம். முந்நூறு பேர் படிக்கிற கவிதைக்கு இது அவசியமென்றால், முப்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற சொல்லுக்கு அவசியமில்லையா? இந்தப் பெயர்களைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் அபிப்பிராயங்களைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். அவற்றில் நம் மொழியின் இன்றைய நிலைமை குறித்து ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

2

முதலில் விவரங்கள். 2016-ன் எட்டுப் பெயர்களில் சேப்பாக்கம், திண்டுக்கல், கோவை ஆகிய மூன்றுதான் ஊர் மாறாமலும் பெயர் மாறாமலும் மிஞ்சியவை. காஞ்சி வாரியர்ஸ் மறு வருஷமே திருச்சி வாரியர்ஸாகி, பிற்பாடு கிராண்ட் சோழாஸ் வரை வந்துவிட்டது. அப்படிக் காலியான காஞ்சியில்தான் திருவள்ளூர் போய் உட்கார்ந்தது. மதுரையில் சூப்பர் ஜயண்ட்ஸ் பாந்தர்ஸ் ஆயிற்று. ராட்சதர்கள் போய்ச் சிறுத்தைகள். காரைக்குடிக் காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆயிற்று. தூத்துக்குடி பேட்ரியட்ஸின் கதை இன்னும் விசேஷம். 2016-ல் முதல் கோப்பையை வென்ற அணி அது. வ.உ.சி. பிறந்த மாவட்டத்துக்கு ‘தேசபக்தர்கள்’ என்ற பெயர் பொருந்தாமலும் இல்லை. 2021-ல் அந்த இடத்தில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ். கோப்பை ஒரு ஊரின் பெயரில் பொறித்திருக்க, அந்த ஊருக்கு அணியே கிடையாது.

இந்தப் பெயரிடும் முறை அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டிலிருந்து வந்தது. ஊர்ப்பெயர், அதன்பின் ஒரு மிருகமோ போர்வீரனோ இயற்கைச் சீற்றமோ பன்மையில். அங்கேயும் அணிகள் ஊர் மாறுகின்றன. பெயரும் பெட்டி படுக்கையோடு கூடவே போய்விடும். அமெரிக்கக் கூடைப்பந்தின் லேக்கர்ஸ் மினியாபொலிஸிலிருந்து 1960-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தார்கள். ஏரிகள் நிறைந்த மினசோட்டா மாநிலத்தில் அந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டு. வந்து சேர்ந்த ஊரில் இல்லை. ஜாஸ் இசையின் நகரமான நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட அணி 1979-ல் யூட்டாவுக்குப் போயும் அப்பெயரை விடவில்லை. கூடைப்பந்தில் நமக்கும் 2015 முதல் 2017 வரை சென்னை ஸ்லாம் என்று ஒன்று இருந்தது. அந்த லீக் நின்றதோடு பெயரும் நின்றது. பிறகு இன்னொரு லீகில் சென்னை ஹீட். 1988-லிருந்து மயாமி அணியின் பெயர் அது. வெயிலைப் பொறுத்தவரை மயாமியைவிட நமக்கு உரிமை அதிகம் என்பதால் இதை நான் ஆட்சேபிக்கவில்லை.

ஐபிஎல்லில் நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 2009-ல் கோப்பை வென்ற டெக்கான் சார்ஜர்ஸ் 2012-ல் கலைக்கப்பட்டு, 2013-ல் ஹைதராபாத்துக்கு சன்ரைசர்ஸ் வந்தது. டெல்லி டேர்டெவில்ஸ் 2018 டிசம்பரில் கேபிடல்ஸ் ஆயிற்று. கிங்ஸ் லெவன் பஞ்சாப் 2021-ல் பஞ்சாப் கிங்ஸ். பெங்களூர் 2024 மார்ச்சில் பெங்களூரு. புனேயில் 2016-ல் சூப்பர்ஜயண்ட்ஸ் என்றிருந்தது, 2017-ல் கடைசி எழுத்தை மட்டும் உதிர்த்துவிட்டு சூப்பர்ஜயண்ட் ஆயிற்று.

3

இனி அபிப்பிராயங்கள். நான் கேட்டவரை அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது ராசி. “பேரை மாத்தினான், கப்பு வந்துச்சு.” 2024 மார்ச் 19-ல் பெங்களூர் பெங்களூரு ஆயிற்று; 2025 ஜூன் 3-ல் பதினெட்டு வருஷத்துக் காத்திருப்பு முடிந்து கோப்பை வந்தது. ஆகவே ஒரு எழுத்துக்கு அவ்வளவு பலன். ஆனால் அதே அமைப்பின் பெண்கள் அணி கோப்பை வென்றது 2024 மார்ச் 17-ல், பெயர் மாறுவதற்கு இரண்டு நாள் முன்பு, பழைய பெயரில். 2025 இறுதி ஆட்டத்தில் தோற்ற பஞ்சாபும் பெயரை மாற்றிக்கொண்ட அணிதான்; அவர்களுடைய எழுத்துக்கு என்ன குறை? புனே ஓர் எழுத்தைக் குறைத்த வருஷம், ஏழாம் இடத்திலிருந்து இறுதி ஆட்டம் வரை போய், ஒரே ஒரு ரன்னில் தோற்றது. இறுதி ஆட்டம் அந்த எழுத்தால் வந்ததென்றால், அந்த ஒரு ரன் எந்த எழுத்தால் போயிற்று? இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் சிரிக்கிறார்கள், அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வதில்லை. பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைத்து அதிர்ஷ்டத்தைப் பிடிக்கிற வழக்கம் நம்மிடம் வீட்டு வாசலிலிருந்து சினிமா விளம்பரம் வரைக்கும் இருக்கிறது. இந்த வகை அபிப்பிராயத்தில் பெயர் ஒரு தாயத்து.

இரண்டாவது கெத்து. “மாஸா இருக்குண்ணா”, “பழசுல ஒரு கெத்து இல்ல.” புதுப் பெயரோடு புதுச் சின்னம், புதுச் சட்டை, புது நிறம். இவற்றைப் பற்றிப் பதினாறு வயதுப் பையன்கள் பேசுவதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கிறது. சிங்கம் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும், பொன்நிறம் எவ்வளவு இருக்கலாம், எந்தப் பெயர் வெளிமாநிலத்தில் எடுபடும் என்றெல்லாம் நுட்பமாகப் பேசுகிறார்கள். ஒரு விளம்பரக் கம்பெனியின் கூட்டத்தில் பேசவேண்டிய பேச்சு, சம்பளம் இல்லாமல்.

மூன்றாவது, “காசு போட்டவன் இஷ்டம்.” இது தீர்ப்பு. இதற்கு மேல் பேச்சு இல்லை. மற்ற எல்லா விஷயத்திலும் முதலாளியைத் திட்டுகிறவர்கள் இதில் மட்டும் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்கள்போல் பேசுகிறார்கள்.

நான்காவது, பழைய பெயர்தான் வேண்டும் என்கிற குரல். எண்ணிக்கையில் குறைவு. சொல்லும்போதே கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறார்கள். “ஏன்?” என்று கேட்டால், “அந்தப் பேர்லதான் கப்பு அடிச்சோம்” என்று ராசிக்குத் திரும்பிவிடுகிறார்கள், அல்லது, “சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டேன்” என்கிறார்கள். இந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான் நான் கேட்ட எல்லாவற்றிலும் ரசிகனுடைய சொந்த வாக்கியம். மற்ற மூன்றிலும் அவன் உட்கார்ந்திருப்பது வேறொருவருடைய நாற்காலியில். ராசி பார்ப்பவன் ஜோசியனாகவும், கெத்து பார்ப்பவன் விளம்பரக்காரனாகவும், இஷ்டம் பார்ப்பவன் முதலாளியின் வக்கீலாகவும் பேசுகிறான். கத்துகிற தொண்டை மட்டும் அவனுடையது.

நம் சூழலில் விமர்சனத்துக்கும் இது நேர்ந்திருக்கிறது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஒரு நாவல் எப்படி விற்றது, அட்டை எப்படி, எந்த விருதுக்குப் பொருந்தும் என்று நாமும் சரளமாகப் பேசப் பழகிவிட்டோம். “சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டேன்” என்பதற்கு ஈடான ஒரு வாக்கியம் நம் மதிப்புரைகளில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம்.

4

பெயர்களையே எடுத்துக்கொள்வோம். வீரன்ஸ், தமிழன்ஸ், கபடியில் 2017-லிருந்து தலைவாஸ். தமிழில் வீரனுக்குப் பன்மை வீரர், வீரர்கள். வீரன் என்ற ஒருமையை அப்படியே நிறுத்தி, அதன் வாலில் ஆங்கில ‘ஸ்’ ஒன்றைக் கட்டுவது இலக்கணப் பிழை என்பதற்காக நான் இதை எடுக்கவில்லை. பஸ்ஸுகள், பேங்குகள் என்று நாமும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால் கட்டுகிறோம். அது பேச்சில் தானாக நிகழ்ந்த கலப்பு, வாய்க்கு வசதியாக இருக்கிறது. வீரன்ஸ் எந்த வாயிலும் நிகழவில்லை. ஒரு மேஜையில் நிகழ்ந்திருக்கிறது. தமிழ் உணர்வுக்கு ஒரு சொல், உலகத் தரத்துக்கு ஓர் எழுத்து என்று கணக்குப் பார்த்து ஒட்டிய ஒட்டு. நெல்லை ராயல் கிங்ஸில் கணக்கும்கூடத் தப்பிவிட்டது. ராயல் இல்லாத கிங் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. சென்னை, கோவை, நெல்லை, பஞ்சாப் என்று எங்கு பார்த்தாலும் கிங்ஸ். குடியரசாகி முக்கால் நூற்றாண்டு ஆனபிறகு நமக்கு நாமே வைத்துக்கொள்ளத் தோன்றிய பெயர் இது.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெயர் எனக்குப் பெயராகப் பட்டது. காரைக்குடிக் காளை. வாலில் ‘ஸ்’ இல்லை. பன்மை இல்லை. பக்கத்தில் சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கிற மண்ணில், அங்குள்ளவர்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிற சொல். ஒரு மிருகத்தைச் சொல்லும்போதே ஒரு சுபாவத்தையும் சொல்கிறது. இது திருப்பூருக்குப் போய்த் தமிழன்ஸ் ஆனது. 2025-ல் தமிழன்ஸ் கோப்பையும் வென்றார்கள். ராசிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும். தமிழ்நாட்டில் நடக்கிற போட்டியில், எல்லா அணியும் தமிழ்நாட்டு அணியாக இருக்க, ஒரு அணிக்கு மட்டும் தமிழன் என்று பெயர். காளை எதையாவது பிரித்துக் காட்டியது. தமிழன்ஸ் எதையும் பிரித்துக் காட்டவில்லை. எந்த ஊரில் ஒட்டினாலும் ஒட்டும். அடுத்த முறை ஊர் மாறும்போது செலவு மிச்சம்.

ஆனால் காளையும் காரைக்குடியில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. திருவள்ளூர் வீரன்ஸ் திருவள்ளூரில் ஆடியதில்லை. ஆரம்ப வருஷங்களில் ஆட்டங்கள் நடந்தவை சேப்பாக்கத்திலும், நத்தத்தில் ஒரு கல்லூரி மைதானத்திலும், திருநெல்வேலி சங்கர் நகரிலும். ஆகவே பெயர் நன்றாக இருப்பதாலும் பிரயோஜனம் இல்லை. அந்த ஊர்க்காரன் அந்தப் பெயரைச் சொல்லித் தோற்க ஒரு சந்தர்ப்பம் வேண்டும்.

தோற்க என்று யோசித்துத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் சார்லட் என்ற நகரத்தில் 1988-ல் ஒரு கூடைப்பந்து அணி வந்தது. ‘ஸ்பிரிட்’ என்று பெயர் வைப்பதாக இருந்தார்கள். ஊர்மக்களிடம் போட்டி வைத்தபோது ‘ஹார்னெட்ஸ்’, அதாவது குளவிகள், முன்னால் வந்தது. சுதந்திரப் போரின்போது அந்த ஊரை ஆங்கிலத் தளபதி குளவிக்கூடு என்று சலித்துக்கொண்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. 2002-ல் அணி நியூ ஆர்லியன்ஸுக்குப் போயிற்று, பெயரோடு. 2004-ல் சார்லட்டுக்கு பாப்கேட்ஸ் என்று புது அணி கொடுத்தார்கள். ஊர் அதை ஏற்கவில்லை. 2011-12-ல் அந்த அணி 66 ஆட்டத்தில் 7-ல்தான் ஜெயித்தது. ரசிகர்கள் பழைய பெயரைத் திருப்பிக் கேட்டுப் பிரசாரம் செய்தார்கள். 2013-ல் நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு குளவியை விட்டுக்கொடுக்க, 2014-ல் பெயரும், 1988 முதல் 2002 வரையிலான ஆட்டக் குறிப்புகளும் சார்லட்டுக்குத் திரும்பின. ஹார்னெட்ஸ் அதுவரை ஒரு சாம்பியன் பட்டமும் வென்றதில்லை. இங்கே ராசிக்கோ கெத்துக்கோ வேலை இல்லை. பதினான்கு வருஷம் தாங்கள் சொன்ன சொல் தங்களுடையது என்றார்கள், அவ்வளவுதான். சியாட்டிலில் இதன் மறுபக்கம்: 2008-ல் சூப்பர்சானிக்ஸ் அணி ஓக்லஹாமாவுக்குப் போய் தண்டர் ஆனபோது, பெயரும் நிறமும் சியாட்டிலிலேயே விடப்பட்டன. அணி இல்லாத பெயர் அங்கே காத்திருக்கிறது.

நமக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2016, 2017 இரண்டு வருஷமும் சென்னை சூப்பர் கிங்ஸ் தடையில் இருந்தது. 2016-ல் தோனி புனேவுக்குத் தலைவர். நியாயமாகப் பார்த்தால் ரசிகர்கள் அவரோடு புனேவுக்குப் போயிருக்கவேண்டும். எனக்குத் தெரிந்து யாரும் போகவில்லை. தோனி ஜெயிக்கட்டும் என்றார்கள், புனே ஜெயிக்கட்டும் என்று சொல்லவில்லை. மஞ்சள் சட்டையை மடித்து வைத்திருந்தவர்கள் 2018-ல் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பெயரும் மேஜையில் செய்த பெயர்தான். கிங்ஸ் பற்றி நான் மேலே சொன்னது அதற்கும் பொருந்தும். ஆனால் எட்டு வருஷம் வாயில் புரண்டு, இரண்டு வருஷம் அவமானத்தில் கிடந்து, அது யாருடையதோ ஆகிவிட்டது.

ஆக, பெயர் நன்றாக அமைவது ஒரு விஷயம், பெயர் ஆவது வேறொரு விஷயம். சங்கப் புலவர்களில் சிலருடைய சொந்தப் பெயர் மறைந்து, அவர்கள் எழுதிய உவமையே பெயராக நின்றது நமக்குத் தெரியும். செம்புலப்பெயல்நீரார், மீனெறிதூண்டிலார், விட்டகுதிரையார். அங்கே காரியம் முதலில், பெயர் பிறகு. ‘மணிக்கொடி’ 1933-ல் தொடங்கியபோது அந்தச் சொல் தேசியக் கொடியைக் குறித்தது. இன்று மணிக்கொடி என்றால் சிறுகதை. யாரும் அப்படி ஆக்கத் திட்டமிடவில்லை. உள்ளே அச்சான கதைகள் அந்தச் சொல்லைத் திருப்பிவிட்டன. பெரியகுளத்தில் பல பத்தாண்டுகளாக நடக்கிற அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியில் ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி என்று அணிகள் வருகின்றன. வேலை கொடுத்த ஸ்தாபனத்தின் பெயர், அதுவும் பாதி வெறும் இனிஷியல்கள். மிருகமும் இல்லை, ராஜாவும் இல்லை. கோடை ராத்திரியில் அந்த மூன்று எழுத்தைக் கத்துகிறவனுக்கு அதில் எந்தக் குறையும் தெரிவதில்லை.

5

இவ்வளவு சொன்னபிறகு என் வாதத்துக்கு எதிராக நானே இரண்டு விஷயம் சொல்லவேண்டும்.

ஒன்று, வாயில் பழகிய பெயர் என்பதாலேயே அது நல்ல பெயர் ஆகாது. வாஷிங்டன் கூடைப்பந்து அணிக்கு ‘புல்லட்ஸ்’ என்று பெயர் இருந்தது. ஊரில் துப்பாக்கிச் சாவுகள் பெருகியபோது முதலாளியே அதை மாற்றத் தீர்மானித்தார். 1997-ல் ‘விசார்ட்ஸ்’ ஆயிற்று. மந்திரவாதிகள் என்ற பெயர் சிறுபிள்ளைத்தனமானது என்று ரசிகர்கள் பலர் முணுமுணுத்தார்கள். பெயர் மட்டமானதாகவே இருக்கட்டும். மாற்றியது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பெங்களூரு விஷயத்திலும் மாற்றம் ஊர்க்காரர்களின் உச்சரிப்பை நோக்கியே நடந்தது. நகரம் 2014-ல் மாறியதை அணி பத்து வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டது.

இரண்டாவது இதைவிடக் கடினமானது. திருவள்ளூர் மாவட்டம் பிறந்த அதே 1997-ல், தென்மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனோடு நின்ற, தேவேந்திரர் சமூகத்தைச் சேர்ந்த வீரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் சிலர். கலவரம் நடந்தது. கடைசியில் அந்த ஒரு பெயரை மட்டும் எடுக்க முடியாமல், எல்லாத் தலைவர்கள் பெயரையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. எங்கள் பழைய செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தின் பெயரும் அந்த வருஷத்தோடு போயிற்று. ஒரு பெயரை ஜனங்கள் உண்மையிலேயே பொருட்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவும் உதாரணம். அதே வீரன் என்ற சொல் பத்தொன்பது வருஷம் கழித்து ‘ஸ்’ வாலோடு திருவள்ளூருக்கு வந்தபோது ஒரு காக்கையும் பறக்கவில்லை. பறக்காதது நிம்மதிதான் என்று ஒருவர் சொன்னால் எனக்கு உடனே பதில் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத பெயரால் யாருக்கும் காயமில்லை. இந்த மேஜைப் பெயர்களின் வெற்றியே அதுதான்: சண்டைக்கு இடம் வைக்காதவை. காளை, சிறுத்தை, ராஜா என்று எதையும் எடுக்கலாம், எந்த மனிதனின் பெயரையும் எடுக்கக்கூடாது என்பது இதன் எழுதாத விதி.

ஆனாலும் இந்த நிம்மதியை முழு மனதோடு ஏற்க என்னால் முடியவில்லை. 1997-ல் பஸ்ஸில் ஏற மறுத்தவன் அந்தப் பெயரின் அர்த்தம் தெரிந்து மறுத்தான். அவன் மறுத்தது அநியாயம். அதற்குப் பரிகாரம் பெயரே இல்லாமல் செய்வது என்று தீர்மானித்தோம். அதன் தொடர்ச்சியாகத்தான் அர்த்தமே இல்லாத பெயர்கள் நமக்குச் சௌகரியமாகிவிட்டனவோ என்று சந்தேகப்படுகிறேன். ஒரு சொல்லால் அடிபடக்கூடாது என்றால், அந்தச் சொல்லால் ஒன்றும் ஆகக்கூடாது என்று ஆகிவிடுகிறது. கவிதையிலும் இந்தச் சௌகரியத்தை நாடுகிறவர்கள் பெருகிவருவதைப் பார்க்கிறேன்.

இதற்கிடையில் ஜனங்கள் தங்கள் பாட்டுக்கு வேறு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊருக்கு அரசாங்கப் பலகையில் பூவிருந்தவல்லி. கண்டக்டர் வாயில் பூந்தமல்லி. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது. அந்தப் பட்டியலில் பூந்தமல்லியும் இருந்தது. மாதம் முடிவதற்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. கண்டக்டருக்கு இரண்டும் தெரியாது. 2019, 2020-ல் வங்கிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது, மறைந்துபோன ஒரு வங்கியின் பாஸ்புத்தகத்தோடு ஒரு பெரியவர் எங்கள் கவுண்ட்டருக்கு வருவார். பலகை மாறி, முத்திரை மாறி, கணக்கு எண்ணும் மாறிவிட்டது. அவர் பழைய பெயரைச் சொல்லித்தான் பணம் கேட்பார். திருத்தினால், “அதாம்பா” என்பார். முப்பது வருஷம் தன் சேமிப்பைக் கொண்டுபோய் வைத்த இடத்தின் பெயர் அவருக்கு அது. எங்கள் சுற்றறிக்கையால் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

எங்கள் ஏரிக்கரைத் திடலில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடுகிற பையன்களிடையே போன வருஷம் ஒரு பிரச்னை. இரண்டு தெரு அணிகளும் ஆள் பற்றாமல் ஒன்றாகச் சேர்ந்தன. எந்தப் பெயரில் ஆடுவது என்று ஒரு வாரம் சண்டை. ஒரு பெயர் செத்துப்போன அண்ணன் ஒருவர் வைத்தது, அதை விடமுடியாது என்று ஒரு கோஷ்டி. இன்னொரு பெயரில் நாலு வருஷம் தோற்றிருக்கிறோம், இப்போது விடுவதா என்று மறு கோஷ்டி. இரண்டு தெருவின் முதல் எழுத்துகளையும் சேர்த்து ஒரு பெயர் பண்ணினார்கள். ஒரு பையன் மட்டையைப் போட்டுவிட்டுப் போய், மூன்று நாள் கழித்து வந்தான். இன்றைக்கும் அவுட் கேட்டுக் கத்தும்போது பாதிப் பேர் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. சின்னம் எப்படி, நிறம் எப்படி என்று யாரும் பேசவில்லை. ஐபிஎல் பெயர்களைப் பற்றி மாஸ், கெத்து என்று பேசுகிற அதே பையன்கள்தான் இவர்கள்.

திரும்பி வந்த அந்தப் பையனிடம், திருவள்ளூர் வீரன்ஸ் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தான்.

“அது எந்த ஏரியா டீம்ணா?” என்றான்.